உடம்பில்லாத நோய்

என் அத்தை 1997-இல் இறந்தார். அப்பாவின் அக்கா. கல்லூரி முதலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன், அடுத்த நாள் தாளை விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். அவருக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்பது வீட்டில் எனக்குச் சொல்லப்படவில்லை. “வயித்துல கட்டி” என்றார்கள். பல வருடம் கழித்து, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மதியம்தான் முழுக் கதையும் வந்தது. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆன பிறகு அத்தைக்கு மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. அதை ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. துணியைக் கொல்லைக் கிணற்றடியில் விடியுமுன் அலசிக் காயவைத்திருக்கிறார். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு அத்தை சொன்னாராம்: “சொல்லி என்ன ஆவப் போவுது? அதுதான் சினிமாவுலயே பாத்துட்டமே. பேரு தெரிஞ்ச அன்னைக்கே பாதி செத்தாப்ல. தெரியாம இருந்தா மத்தவங்களாவது நிம்மதியா சாப்புடுவாங்க.”

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் டெண்டுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர் அத்தை. ‘பயணங்கள் முடிவதில்லை’யை எத்தனை முறை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. பின்னாளில் தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்டபோது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காதலியிடம் நோயை மறைக்கும் கதாநாயகனைக் காட்டி, “எப்பேர்ப்பட்ட மனசு பாரு” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனசைத்தான் அவர் கிணற்றடியில் கைக்கொண்டார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

சினிமா ஒரு பெண்ணைக் கொன்றது என்று சொல்ல நான் வரவில்லை. அத்தைக்குப் பேருந்து வசதி இல்லை, கையில் காசு இல்லை, இடுப்புக்குக் கீழே இருப்பதைப் பேச ஒரு சொல் இல்லை. கடைசியில் காட்டிய உள்ளூர் மருத்துவர் பரிசோதிக்காமலே சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். இவை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனாலும் நோய் என்றால் என்ன, அது வந்தால் ஒரு நல்ல பெண் என்ன செய்வாள் என்ற பாடத்தை அவருக்கு நடத்தியது பள்ளிக்கூடமோ சுகாதார நிலையமோ அல்ல. கதைகள் நடத்தின. அந்தக் கதைகளின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

*

1961-இல் ‘பாலும் பழமும்’ வந்தது. சிவாஜி கணேசன் புற்றுநோய்க்கு மருந்து தேடும் மருத்துவர். சரோஜாதேவி செவிலி, பிறகு மனைவி. மனைவிக்குக் காசநோய் வருகிறது. தன்னைக் கவனிப்பதில் கணவரின் ஆராய்ச்சி நின்றுபோகிறது என்று அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். நோயுற்ற பெண் விலகிப் போவது அங்கே அன்பின் உச்சம்.

அந்தப் படம் எடுக்கப்பட்ட நகரத்திலேயே அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் வேறொன்று நடந்திருந்தது. 1956-இல் மதராஸ் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன. நோயாளி வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை என்று மதராஸ் உலகத்துக்குச் சொன்ன இரண்டு ஆண்டுக்குப் பிறகு, மதராஸின் திரை ஒரு மனைவியை வீட்டை விட்டு அனுப்பியது. ஆய்வறிக்கையைச் சில நூறு மருத்துவர்கள் படித்திருப்பார்கள். படத்தை ஊரே பார்த்தது.

அடுத்த ஆண்டு, 1962-இல், ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஏறக்குறைய முழுக்க ஒரு மருத்துவமனைக்குள் நடக்கும் கதை. புற்றுநோயாளி முத்துராமன், மனைவி தேவிகா, அவளுடைய முன்னாள் காதலரான மருத்துவர் கல்யாண்குமார். என் மாணவிகள் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் இந்தப் படத்தில் உண்டு. புற்றுநோயாளி பிழைக்கிறார். அறுவைச் சிகிச்சை வெற்றி பெறுகிறது. செத்துப்போவது மருத்துவர். புற்றுநோய் வந்தால் வைத்தியம் உண்டு, பிழைக்கலாம் என்ற எண்ணம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே நம் திரையில் இருந்தது. பிறகு அதை நாம் தொலைத்தோம்.

அந்த எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. 1923-இல் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தொடக்கத்தில் கண்டறியப்படவே இல்லை. சட்டமன்றத்தில் நுழைந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர் என்றே அவரை நாம் பாடத்தில் வைத்திருக்கிறோம். அந்தச் சாவை முப்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்தவர் என்பதை வைப்பதில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை கேட்டபோது, எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற மனநிலையைத்தான் அவர் எதிர்கொண்டார். அதைத் தாண்டி, பெண்கள் அமைப்பொன்றின் முயற்சியில் திரட்டிய பணத்தோடு, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த இளம் மருத்துவர் வி. சாந்தா, 2021-இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. இந்தப் பெண்கள் நோயோடு மட்டும் போராடவில்லை. புற்றுநோய் என்றால் சாவு என்ற கதையோடும் போராடினார்கள்.

*

அந்தக் கதை 1970களில் வெளியிலிருந்தும் வலுவாக வந்து சேர்ந்தது. 1970-இல் அமெரிக்காவில் ‘லவ் ஸ்டோரி’ நாவலாகவும் படமாகவும் வந்தது. இளம் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். மருத்துவர் அதை முதலில் அவளிடம் சொல்வதில்லை, கணவனிடம் சொல்கிறார். அவளுடைய உடம்பைப் பற்றிய செய்தி அவளைத் தவிர்த்துவிட்டுப் போகிறது, பார்வையாளர்கள் அதைக் காதலாக எடுத்துக்கொண்டு அழுகிறார்கள். 1971-இல் இந்தியில் ‘ஆனந்த்’. அதற்கும் முன்பே, 1965-இல், கே. பாலசந்தர் தன் முதல் படமான ‘நீர்க்குமிழி’யில் நாகேஷைப் புற்றுநோயாளியாக்கி, சாகப்போகிறவனின் சிரிப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார்.

1982-இல் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் வந்தன. இரண்டிலும் கதாநாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் அதைக் காதலியிடம் மறைக்கிறான். அவள் தன்னை வெறுத்து வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளட்டும் என்று கெட்டவனாக நடிக்கிறான். இரண்டிலும் சாகிறான். பிறகு இது ஒரு சூத்திரமாயிற்று. இருமல், கைக்குட்டையில் சிவப்பு, கண்ணாடியைக் கழற்றும் டாக்டர், “இன்னும் ஆறு மாசம்.” வகுப்பில் புற்றுநோய் என்றதும் என்ன தோன்றுகிறது என்று எழுதச் சொன்னால், 2004-க்குப் பிறகு பிறந்த பெண்களும் கைக்குட்டையைத்தான் எழுதுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்காதவர்களுக்கும் அவற்றின் பிம்பம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் எப்போதும் ‘ப்ளட் கேன்சர்’? தன் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு சூசன் சொன்டாக் 1978-இல் எழுதிய ‘நோய் ஓர் உருவகம்’ என்னும் நூல் எனக்கு இதை விளக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசநோய்க்கு இருந்த காவியத் தன்மையை நம் காலத்தில் ரத்தப் புற்றுநோய் எடுத்துக்கொண்டது என்கிறார் அவர். அதில் வெட்டி எடுக்க உறுப்பு ஏதும் இல்லை. முகம் வெளிறும், ஆனால் அழகு கெடாது. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். ரத்தத்துக்கு ஆண் பெண் இல்லை, அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சொல்லலாம். மார்பு, கர்ப்பப்பை வாய் ஆகிய சொற்களைச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய புற்றுநோய் ஒன்று நமக்குத் தேவைப்பட்டது. அதனால் உடம்பில்லாத ஒரு நோயைக் கண்டுபிடித்தோம்.

இந்தப் படங்கள் ஓடிய அதே ஆண்டுகளில், 1980களின் தொடக்கத்தில், சென்னை நகரின் புற்றுநோய்களைப் பதியும் பதிவேடு செயல்படத் தொடங்கியது. அதில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அடுத்தது மார்பகப் புற்றுநோய். பின்னாளில் இடம் மாறியது, அவ்வளவுதான். கொட்டகைத் திரையில் இளைஞர்கள் ரத்தப் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தபோது, கொட்டகையின் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து அழுதவர்கள் வேறொரு நோயைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு வந்திருப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு காட்சிகூட இல்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர் போகும் வேறுபாடு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் தொற்று நீடிப்பதால் வருகிறது. தொற்றிலிருந்து புற்றுநோய்வரை போக வழக்கமாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்தில் மாறுபட்ட செல்களைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் புற்றுநோயே வராது. பாப்பனிகொலாவ் அதற்கான பரிசோதனையை விரிவாக எழுதி வெளியிட்டது 1943-இல். புளிக்காடியின் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே கண்டறியும் எளிய முறையும் பிறகு வந்தது. “இன்னும் ஆறு மாசம்” என்ற வசனத்துக்கு நேர் எதிரான நோய் இது. நமக்குப் பத்து வருட அவகாசம் தரும் நோய். மறைப்பதைத் தியாகமாக்கிய கதை, அந்தப் பத்து வருடத்தை விழுங்கிவிட்டது.

*

கதை எப்படி நமக்குள் நுழைகிறது என்பதை ஆய்வாளர்கள் நீண்ட நாளாகப் பார்த்துவருகிறார்கள். மெலனி கிரீன், டிமதி பிராக் என்ற இருவர் 2000-இல் அதைப் ‘பயணம்’ என்று வர்ணித்தார்கள். கதைக்குள் முழுக்கப் போய்விட்ட மனம் எதிர்வாதம் செய்வதில்லை. புகையிலை விளம்பரம் திரையில் வந்தால் அரங்கில் கிண்டல் கேட்கிறது, அடுத்த நாள் அது மீம் ஆகிறது. ஏனென்றால் அறிவுரை வருகிறது என்று தெரிந்ததும் மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. பாட்டும் கண்ணீருமாகக் கதை வரும்போது கதவு திறந்தே இருக்கிறது.

திறந்த கதவு வழியே நல்லதும் வரலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஆய்வாளர்கள் பதினோரு நிமிடப் படங்கள் இரண்டு எடுத்தார்கள். இரண்டிலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றிய அதே தகவல்கள். ஒன்றில் மருத்துவர்கள் பேசுகிறார்கள், வரைபடங்கள் வருகின்றன. இன்னொன்றில் ஒரு மெக்சிகக் குடும்பம், தங்கையின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது. அடுப்படிப் பேச்சுக்கு நடுவே மூத்தவள் தனக்கு ஹெச்.பி.வி. தொற்று இருப்பதைச் சொல்கிறாள். கதைப் படம் பார்த்த பெண்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. அதுவரை பரிசோதனைக்குக் குறைவாக வந்த மெக்சிக வம்சாவளிப் பெண்களே ஆறு மாதத்தில் அதிகம் வந்தார்கள். அவர்களுடைய சமையலறையில் அவர்களுடைய மொழியில் அந்தச் சொல் முதன்முறையாகச் சொல்லப்பட்டிருந்தது. என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னதை இதோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். அது அத்தைக்கு இருபது வருடம் முன்பே தேவைப்பட்ட பேச்சு.

உண்மை மனிதர்களின் கதைக்கும் இந்த வலு உண்டு. 2008-இல் இங்கிலாந்தின் தொலைக்காட்சிப் பிரபலம் ஜேட் குடி இந்தியாவின் ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் இருந்தபோது, கேமரா முன்னால் அவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அடுத்த மார்ச்சில், 27 வயதில் இறந்தார். அந்த ஓராண்டில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். பிறகு அந்த அலை வடிந்துவிட்டது. சாவின் அதிர்ச்சியில் எழும் விழிப்புக்கு ஆயுள் குறைவு.

நாம் இதிலிருந்து கற்றது என்ன? 2024 பிப்ரவரியில் நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார் என்ற செய்தி அவருடைய சமூக ஊடகப் பக்கத்திலேயே வந்தது. மறுநாள் அவரே உயிரோடு தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். எல்லோரும் அவரைத் திட்டினார்கள். எனக்கோ வேறொன்று உறுத்தியது. விழிப்புணர்வு என்றாலும் நமக்கு ஒரு பெண்ணின் பிணம்தான் வேண்டியிருக்கிறது. பரிசோதனைக்குப் போய், சின்னச் சிகிச்சையோடு திரும்பி, மாலையில் வேலைக்குப் போகும் பெண் நம் கற்பனையில் இல்லை.

இன்னொரு கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2009-இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று பள்ளிச் சிறுமிகளிடம் நடத்தப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள் என்ற செய்தி வந்தது, திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்பதே பின்னர் விசாரணை சொன்ன முடிவு. ஆனால் பழங்குடிச் சிறுமிகளின் ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததும் வெளிவந்தது. அந்தக் கேள்வியை எழுப்பியதில் பெண்கள் நல அமைப்புகளுக்குப் பங்குண்டு, அது சரியான கேள்வி. ஆனால் மக்கள் நினைவில் தங்கியது ஒப்புதல் பற்றிய கேள்வியல்ல, ‘ஊசி போட்டால் சாவு’ என்ற கதை. சொல்லாமல் செய்வது எப்படி ஒரு வன்முறையோ, அதேபோல் அச்சம் மட்டும் மிஞ்சும்படி சொல்வதும் பெண்ணின் தேர்வைப் பறிக்கிறது. பெண்ணுக்கு முழுத் தகவல் வேண்டும், அதை வைத்து அவளே முடிவெடுக்க வேண்டும். கணவனிடம் சொல்லும் மருத்துவரும் விடுதிக் காப்பாளரின் கையெழுத்தும் எனக்கு ஒரே வரிசையில்தான் தெரிகிறார்கள்.

*

கதையை மாற்றிச் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். கவிஞர் ஆட்ரி லார்ட் 1980-இல் தன் ‘புற்றுநோய்க் குறிப்பேடுகள்’ நூலில், மார்பகம் எடுக்கப்பட்ட பிறகு செயற்கை மார்பு அணிய மறுத்ததை எழுதினார். அணியாமல் வந்தால் மருத்துவமனைக்கு வரும் மற்றவர்களின் மனம் தளரும் என்று அங்கிருந்த செவிலி சொன்னதையும் எழுதினார். நம்மிடம் நடிகை கௌதமி, 35 வயதில் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததையும், தானே கட்டியைக் கண்டுபிடித்ததையும், சிகிச்சை பெற்று வாழ்வதையும் பொதுவெளியில் பேசினார். தமிழ் சினிமாவிலிருந்து வந்த புற்றுநோய்க் கதைகளில் நான் மதிக்கும் கதை அது. அது எந்தப் படத்திலும் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 2 சதவிகிதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் சுமார் 10 சதவிகிதம். மற்ற மாநிலங்களைவிட மேல் என்று நாம் பெருமைப்படலாம். பத்தில் ஒன்பது பேர் போகவில்லை என்றும் படிக்கலாம். பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் தொடக்ககால முன்னோடித் திட்டம் நடந்த மாவட்டங்களில் எங்கள் தஞ்சாவூரும் ஒன்று. அத்தை இறந்து பத்து வருடம் கழித்து அது அவர் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது.

இவ்வளவும் தெரிந்த நான் என் முதல் பரிசோதனைக்குப் போனது 43 வயதில். ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். விடைத்தாள் திருத்தம், மகளின் பொதுத்தேர்வு, மாமியாரின் முழங்கால் என்று காரணம் இருந்துகொண்டே இருந்தது. உண்மைக் காரணம் அந்தக் கண்ணாடியைக் கழற்றும் டாக்டர்தான். முனைவர் பட்டம் வாங்கினாலும் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் அசௌகரியமாகவும் இருந்தது, வலி இல்லை. மருத்துவர் ஒரு பெண். முடிவை என் கையில் கொடுத்தார், என் கணவரைக் கூப்பிடவில்லை.

மறுவாரம் வகுப்பில் அதைச் சொன்னேன். தமிழ்த்துறை வகுப்பில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மணி அடித்த பிறகு ஒரு மாணவி மேசை அருகே நின்றாள். “மேம், எங்கம்மாவுக்கு ரெண்டு வருசமா வெள்ளை படுது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க போனதா சொன்னீங்கல்ல, அத அப்படியே எங்கம்மாகிட்ட சொல்லலாமா?”

சொல் என்றேன். என் பெயரையும் வயதையும் சொல்லிச் சொல் என்றேன். பரிசோதனை எந்தக் கிழமை என்று சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவோடு நீயும் போ என்றேன்.